பூனைக்காலி பாரீஸிலிருந்து திரும்பி வந்திருக்கிறது... பார்த்துப் பழகுங்கள்!

ஆனி மாதம் வந்துவிட்டால் எங்கள் காரைக்காலுக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். மாங்கனித் திருவிழா! பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே அதைப் பிடிக்க ஒரு பெரிய கூட்டம் முண்டியடிக்கும். அந்தச் சமயத்தை ஒட்டித்தான் பிரான்ஸிலும் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை லீவு. பாரீஸில் குடியேறிவிட்ட மகள், மருமகன், பேரன், பேத்தி எல்லோரும் வந்து இறங்குவார்கள். பெட்டியைத் திறந்தால் சென்ட் பாட்டில், சாக்லேட், சோப்பு... பரம்பரையாக வருகிற சாமான்கள்தான். இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மூலிகை மாத்திரை டப்பா!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ரிட்டயர்டு வாத்தியார். பார்க்கின்சன் நோய்க்கு (நடுக்குவாதம் என்போமே, அதற்கு) நாலைந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். பாரீஸிலிருந்து வந்த மகள் ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அப்பா, இது கெமிக்கல் இல்லே. சுத்த மூலிகை. டோபமைனை ஏத்தும். மனசு உற்சாகமா இருக்கும், நல்லாத் தூக்கம் வரும், குரோத் ஹார்மோன்கூடச் சுரக்கும்னு போட்டிருக்கு" என்றாள். அந்தக் கால மனுஷியான பாட்டி, டப்பாமேல் இருந்த கொடியின் படத்தையும் காயையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடியே, இது நம்ம பூனைக்காலிடீ! வேலியிலே கிடக்கிறதைக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்தே?"

சிரித்தாலும் டப்பாவை யாரும் தூக்கிப் போடவில்லை. பெரியவர் நடுக்கத்துக்காக எடுத்துக்கொண்டார். எப்போதும் சோர்வாக இருந்த மருமகள் 'மூடு' சரியாகட்டும் என்று எடுத்துக்கொண்டாள். பத்தாவது படிக்கும் பேரன் வகுப்பில் குள்ளம். வளரட்டுமே என்று அவனுக்கும் ராத்திரி ஒன்று. ஒரே டப்பா, மூன்று பேர், மூன்று நம்பிக்கை!

பத்து நாள்கூட ஆகவில்லை. பெரியவருக்குக் குமட்டல், வாந்தி. கை கால்கள் தானாக நெளிய ஆரம்பித்தன. ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர், தலை சுற்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. டாக்டர் "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். வீடே சேர்ந்து சொன்ன பதில்: "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூலிகையை மருந்து என்று அவர்கள் நினைக்கவே இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு பதிலுக்காகத்தான்.

வேலிக்கொடிக்குள் ஒரு ஆஸ்பத்திரி மருந்து

பூனைக்காலியை உங்களில் பலருக்கு வேறு விதத்தில் பழக்கம் இருக்கும். காயின்மேல் வெல்வெட்டு மாதிரி சுணை. மேலே பட்டால் போச்சு, தோல் பிய்த்துக்கொள்கிற அளவுக்கு அரிக்கும். பள்ளிக்கூட பெஞ்சில் தடவி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்த விஷமக்காரப் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. வடமொழியில் இதற்குக் 'கபிகச்சு' என்று பெயர். குரங்குக்கே அரிப்பெடுக்கும் என்று அர்த்தம்! தாவர இயல்காரர்கள் 'மியூகுனா புரூரியன்ஸ்' என்பார்கள். டப்பாவில் இருக்கும் பெயரும் இதுதான்.

சுணை இருப்பது காய்க்கு வெளியே. விஷயம் இருப்பதோ உள்ளே, விதையில். 1937-ஆம் வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் எல்-டோபா. அப்போது அதற்கு இவ்வளவு பெரிய உபயோகம் வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. 1950-களின் கடைசியில் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், மூளைக்கு டோபமைன் எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். அதற்காக 2000-இல் நோபல் பரிசும் வாங்கினார். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் அந்த டோபமைன்தான் வற்றிப்போகிறது என்று பிறகு தெரிந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ், எல்-டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டி வாய்வழியாகக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடமாட வைத்தார்.

இன்றைக்கும் பார்க்கின்சனுக்கு முதல் வரிசை மருந்து அதுதான். மெடிக்கல் ஷாப்பில் 'லெவோடோபா' என்று கொடுப்பதும், பூனைக்காலி விதையில் இருப்பதும் வேறு வேறு அல்ல. இரண்டும் ஒன்றேதான்!

இப்போது புரிகிறதா? அந்தப் பெரியவர் மாத்திரையாக லெவோடோபா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் டப்பாவிலிருந்தும் லெவோடோபா சாப்பிட்டார். சமையலறையில் ஒருத்தர் உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருத்தரும் வந்து உப்புப் போட்ட கதை!

காவல்காரன் இல்லாத மருந்து

டோபமைனை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும். உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால், வாயில் போட்ட லெவோடோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, வழியிலேயே டோபமைனாக மாறிவிடும். அதனால்தான் குமட்டல், வாந்தி, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றல் எல்லாம்.

இதைத் தடுக்க டாக்டர் கொடுக்கும் மாத்திரையில் 'கார்பிடோபா' என்று ஒரு துணை மருந்தைச் சேர்த்திருப்பார்கள். இது வழிக்காவல்காரன் மாதிரி. மருந்து பத்திரமாக மூளைக்குப் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும். காவல்காரன் இருந்தால் லெவோடோபா தேவை சுமார் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பூனைக்காலிப் பொடியில் அந்தக் காவல்காரன் இல்லை.

'அப்படீன்னா பொடி பலவீனமான மருந்துதானே, பரவாயில்லையே?' என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் காவல்காரன் ரெடியாக நிற்கிறான். மாத்திரையில் இருந்த லெவோடோபாவுக்கு மட்டும் என்றில்லை, பொடியிலிருந்து வரும் லெவோடோபாவுக்கும் அவனே காவல் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவான். ஆரோக்கியமான ஒருவருக்கு லேசாக இருக்கும் அதே கேப்ஸ்யூல், பார்க்கின்சன் நோயாளிக்குப் பல மடங்காக வேலை செய்யும். கை கால் நெளிவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, குழப்பம் எல்லாம் அப்படி வருவதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூனைக்காலி விதையில் சாதாரணமாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு எல்-டோபா இருக்கிறது. 5 கிராம் பொடி என்றால் 200 முதல் 300 மில்லிகிராம். 'எக்ஸ்ட்ராக்ட்' என்று காய்ச்சிச் சுண்டவைத்த சரக்கில் இன்னும் ஜாஸ்தி. நூற்றுக்கு 40 பங்கு என்று போட்ட 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றிலேயே 200 மில்லிகிராம். நரம்பு டாக்டரோ 50 மில்லிகிராம் கூட்டலாமா, குறைக்கலாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறார். நாம் ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம்!

மனசு, தூக்கம், உயரம்

டப்பா சொல்லும் மூன்று வாக்குறுதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மனசு: டோபமைன் என்றால் 'சந்தோஷ ரசாயனம்' என்று ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. அது பாதிதான் உண்மை. ஒன்றை விரும்பி நாடுவது, காரியத்தில் இறங்குவது, கை காலை அசைப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அதற்காகக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல ஊற்றினால் சந்தோஷம் நிரம்பிவிடாது. லெவோடோபா கைக்கு வந்த புதிதில் மனச்சோர்வு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. அதனால் அது மனச்சோர்வு மருந்தாக நிலைக்கவில்லை. அளவு மீறினாலோ படபடப்பு, பிரமை, சிலருக்குச் சூதாட்டம், கண்டதையும் வாங்கிக் குவிப்பது போன்ற அடக்க முடியாத ஆசைகள்கூட வருவதுண்டு.

நான் சொன்ன வீட்டு மருமகளுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைச்சல். சோர்வுக்குக் காரணம் ரத்தசோகை! டப்பாவை நம்பி இன்னும் ஆறு மாசம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொன்று. டோபமைன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை அடக்கிவிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது.

தூக்கம்: இதுதான் எனக்கு ரொம்ப விசித்திரம். டோபமைன் அடிப்படையில் நம்மை விழித்திருக்க வைக்கிற கோஷ்டியைச் சேர்ந்தது. லெவோடோபா சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பகலில் தூங்கி வழியும். சிலருக்கு ராத்திரி தூக்கமே வராது. வந்தாலும் கெட்ட கெட்டக் கனவுகள். ஆக, தூக்கத்தை அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஒன்றைத் தூக்க மருந்து என்று ராத்திரி படுக்கப்போகும்போது கொடுப்பது என்ன நியாயம்?

உயரம்: இந்த விஷயத்தில் விளம்பரக்காரர்கள் உண்மையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். லெவோடோபா கொடுத்தால் ரத்தத்தில் குரோத் ஹார்மோன் ஏறுகிறது என்பது நிஜம்தான். 1970-லேயே பார்க்கின்சன் நோயாளிகளிடம் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை வைத்து ஒரு பரிசோதனைகூட உண்டு. வளர்ச்சி குறைந்த குழந்தைக்கு லெவோடோபா கொடுத்து, அரைமணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்து, பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கவனியுங்கள், அது பரிசோதனை. வைத்தியம் அல்ல! ஒன்றிரண்டு மணி நேரம் ஏறிவிட்டு இறங்கிவிடும். கதவைத் தட்டி 'உள்ளே ஆள் இருக்கா?' என்று கேட்பது போலத்தான். தட்டிக்கொண்டே இருந்தால் வீடு பெரிசாகிவிடுமா? பூனைக்காலி சாப்பிட்டுப் பிள்ளைகள் உயரமானார்கள் என்பதற்கு நிரூபணம் கிடையாது. நிஜமாகவே குரோத் ஹார்மோன் குறைவு இருந்தால் அதற்கு ஊசி மருந்து உண்டு. எலும்பு நுனிகள் மூடிக்கொள்வதற்குள் காட்டியாக வேண்டும். பையன்களுக்குப் பெரும்பாலும் 16, 18 வயதுக்குள், பெண்களுக்கு அதற்கும் முன்பே மூடிவிடும். மாத்திரை டப்பாவில் வீணாக்கும் ஒவ்வொரு வருஷமும் திரும்பி வராத வருஷம். டப்பாக்காரனுக்கு அது தெரியாது, பெற்றவர்களாகிய உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குரோத் ஹார்மோன் இயற்கையாக அதிகமாகச் சுரப்பது ராத்திரி ஆழ்ந்த தூக்கத்தில், அதுவும் தூங்க ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில். பதினொன்றரை மணிவரை செல்போனைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு டியூஷனுக்கு எழுந்து ஓடுகிற பையனுக்கு எந்த மூலிகை என்ன செய்யும், சொல்லுங்கள்?

தண்ணீரை வடித்தவர்களும் வடிக்காதவர்களும்

'காலங்காலமா சாப்பிடறாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே' என்பீர்கள். நியாயமான கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிகள், பளியர்கள் போன்ற மலைவாழ் மக்கள் பூனைக்காலிப் பருப்பைச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். எப்படி? ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைத்து... இப்படிப் பல தடவை. எல்-டோபா தண்ணீரோடு போய்விடும், பருப்பு மிஞ்சும். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் கண்டுபிடித்த கெமிஸ்ட்ரி அது!

தண்ணீரைக் கொட்டாவிட்டால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் 1989-இல் அது நடந்தது. உள்நாட்டுப் போர், பஞ்சம், தண்ணீர்த் தட்டுப்பாடு. பசிக்கு இந்தப் பருப்பைத் தின்ற ஜனங்களால் வழக்கம்போலத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைக்க முடியவில்லை. 200 பேருக்குமேல் திடீரென்று புத்தி பேதலித்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பருப்பு அதே பருப்புதான், பக்குவம்தான் தப்பிப்போனது.

நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. விதையைப் பாலில் வேகவைத்து, தோல் நீக்கிச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். நாடி பார்த்து, வயசு பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பாரீஸ் டப்பாவுக்கு யாருடைய நாடி தெரியும்?

நான் மூலிகைக்கு விரோதி இல்லை. பூனைக்காலி பலனில்லாத சரக்கு என்றும் சொல்லவில்லை. 1995-இல் 60 பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பூனைக்காலியிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்து 12 வாரம் பார்த்ததில் நல்ல குணம் தெரிந்தது. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரமாகவே வேலை செய்தது. ஆண்களின் விந்தணுக் குறைவுக்கு லக்னோவில் ஆராய்ச்சி செய்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். இதெல்லாம் டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து, அளந்து கொடுத்துப் பார்த்தவை.

என் வாதமே அதுதான். அது வெறும் புல்பூண்டாக இருந்திருந்தால் நான் கவலையே பட மாட்டேன். நிஜமான மருந்து, அதனால்தான் பயப்படுகிறேன். 'பலன் உண்டு, பக்கவிளைவு கிடையாது' என்று யாராவது சொன்னால், அந்த இரண்டில் ஒன்று பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியைத் திறங்கள்

இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை, லேகியம், பொடி டப்பாக்களை எல்லாம் எடுத்து வையுங்கள். 'மியூகுனா', 'கபிகச்சு', 'கவுஞ்ச்', 'எல்-டோபா' என்று எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அமுக்கரா, நெருஞ்சிலோடு கலந்தும் வரும். இருந்தால்,

பார்க்கின்சன் மாத்திரை, மனநல மருந்து, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். பல மனநல மருந்துகள் டோபமைனைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. பூனைக்காலி அதற்கு நேர் எதிராக இழுக்கும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

பார்க்கின்சன் நோயாளி பல மாசமாகச் சாப்பிட்டு வந்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

பையன் வளரவில்லையா? வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறான் என்று சுவரில் கோடு போட்டு எழுதிவைத்துக் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. போகும்போது அலோபதி மருந்துச் சீட்டையும் கையில் கொண்டு போங்கள்.

தயாரிப்பாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பூனைக்காலி சேர்ந்த எந்தச் சரக்கிலும் 'ஒரு வேளைக்கு எல்-டோபா இத்தனை மில்லிகிராம்' என்று கட்டாயம் அச்சிட வேண்டும். அதுவும் தமிழில், வயசானவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். அமெரிக்காவில் 2022-இல் கடைச் சரக்குகளை வாங்கிப் பரிசோதித்தபோது டப்பாவுக்கு டப்பா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பல டப்பாக்களில் ஒத்துப்போகவில்லை. அளவு தெரியாத மருந்தை வீட்டில் வைத்துக்கொள்வது, முள் இல்லாத தராசில் தங்கம் நிறுப்பதற்குச் சமம்.

அந்தப் பெரியவர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். விழுந்தது நோய் முற்றியதால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில், பாட்டிக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது. டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தார். "ஐயா, இது மருந்தா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க." அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. டப்பா சாப்பிட்டது கொஞ்ச நாள்தான் என்பதால் டாக்டர் அதை மட்டும் நிறுத்தச் சொன்னார். பழைய மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. பெரியவர் இப்போது கைத்தடியோடு நடமாடுகிறார்.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது அழுதாளாம், "நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்று. பெரியவர் அவள் தலையைத் தடவிச் சொன்னாராம்: "அடுத்த வருஷம் பெட்டியிலே ஒண்ணும் வேணாம்மா. மாங்கனிக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடு. அது போதும்."